பொருளியல் ஆய்வுக்குப் போக நினைக்கும் மலையகப் பிள்ளைகள் என்னிடம் கேட்டவை

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பேராதனையில் பொருளியல் படித்தேன், பிறகு வெளிநாட்டில் முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் (பிஎச்டி) முடித்தேன். இப்போது அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளராக இருக்கிறேன். என் துறை புத்தாக்கமும் டிஜிட்டல்மயமாக்கமும். ஊருக்கு வரும்போதெல்லாம் ஏ.எல். (உயர்தரம்) பிள்ளைகள், கெம்பஸ் பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பா என்று பலரும் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அவற்றுக்கான பதில்களை இங்கே தருகிறேன்.

புத்தாக்கத்தில் பொருளியலுக்கு என்ன வேலை அக்கா? அது இன்ஜினியர்மார் பார்ப்பது இல்லையா?

மெஷினைக் கண்டுபிடிப்பது இன்ஜினியர் வேலைதான். அந்த மெஷின் எந்த ஊருக்கு முதலில் போகிறது, எங்கே கடைசியில் வருகிறது, காசு போட்டது யார், யாருடைய கூலி கூடியது, யாருக்கு வேலை போனது என்று கேட்பது எங்கள் வேலை.

நம் மலைகளையே பாருங்கள். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் தெரிய வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வியாபாரத்துக்கென்று தேயிலை நட்டிருந்தார். சில பத்து வருடங்களில் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாகிவிட்டன. பாடசாலையில் இதை டெய்லரின் கதையாகத்தான் படித்தோம். ஆனால் கோப்பிக்கு ஆள் அதிகம் தேவைப்பட்டது பழம் பறிக்கும் பருவத்தில். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். பயிர் மாறியதும், வந்து போய்க்கொண்டிருந்த சனம் குடும்பத்தோடு லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. நம் பாட்டன் பூட்டிமார் எங்கே வாழ்வது என்பதையே ஒரு பயிர் மாற்றம் முடிவு செய்திருக்கிறது. இதைப் படிக்க ஒரு துறை இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது கெம்பஸில் மூன்றாம் வருடத்தில்தான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

துறையின் பெரியவர்களில் மூன்று பேரைச் சொல்கிறேன். பழைய தொழில்களை உடைத்துக்கொண்டுதான் புதியவை எழும்பும், முதலாளித்துவத்தின் ஓட்டமே அதுதான் என்றார் ஜோசப் ஷும்பீட்டர். 1942இல் அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஆக்கபூர்வ அழிவு’. 1957இல் ஸ்வி கிரிலிக்கஸ், அமெரிக்க விவசாயிகளிடம் கலப்பின சோளம் எப்படிப் பரவியது என்று பார்த்தார். சில மாநிலங்கள் முந்தியதற்கும் சில பிந்தியதற்கும் காரணம் விவசாயியின் பிடிவாதம் அல்ல, அங்கே கிடைக்கக்கூடிய லாபத்தின் அளவுதான் பெரும்பாலும் காரணம் என்று காட்டினார். ‘எங்கட சனம் புதுசை ஏற்காது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோளம் ஞாபகம் வரும். மூன்றாமவர் ரொபர்ட் சோலோ. கணினி யுகத்தை எல்லா இடத்திலும் பார்க்க முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிபரத்தில் மட்டும் காணவில்லை என்று 1987இல் எழுதினார். ஏன் காணவில்லை என்று இன்னும் பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2025ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசும் இந்தத் துறைக்குத்தான் கிடைத்தது. ஜோயல் மோகிர், பிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

டிஜிட்டல் என்பது இதில் எங்கே வருகிறது?

தேடுவது, அனுப்புவது, பதிவது, சரிபார்ப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு விழுந்துவிட்டால் சந்தை என்ன ஆகும்? சுருக்கமாக அதுதான் கேள்வி.

கேரளத்து மீனவர்களைப் பற்றி ரொபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. 1997க்கும் 2001க்கும் இடையில் அந்தக் கரையோரத்துக்குக் கட்டம் கட்டமாக மொபைல் சிக்னல் வந்தது. அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள், பக்கத்துக் கரையில் மீன் கிடைக்காமல் சனம் திரும்பிப் போகும். போன் வந்ததும் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். வீணாவது கிட்டத்தட்ட நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. ஆட்கள் மண்டபத்தில் கூடி உட்கார்ந்து, குரல் கொடுத்து விலை கேட்கும் முறை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக்கு நடுவில், அது இணையத்துக்கு மாறியது. நூற்றாண்டைத் தாண்டிய பழக்கம் சில வாரங்களில் மாறிவிட்டது. இந்த மாற்றத்தில் மிச்சமானது யாருக்குப் போனது? வாங்கும் கம்பனிக்கா, தோட்டக் கம்பனிக்கா? அதில் ஒரு துளியாவது மலையில் கூடையோடு நிற்கிறவருக்கு வந்ததா? எனக்கு முக்கியம் அந்தக் கடைசிக் கேள்வி.

ஏ.எல்.லில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?

வர்த்தகம், கலை இரண்டிலும் பொருளியல் இருக்கிறது. கணிதப் பிரிவில் இருந்தும் இந்தத் துறைக்கு வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் வரும் பாரம் குறைவு. எந்தப் பிரிவானாலும் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். ஓ.எல். முடித்ததும் இனிக் கணக்கு இல்லை என்று சந்தோஷப்பட்டேன். முதுமாணிக்குப் போனபோது வகையீடு, அணிகள், நிகழ்தகவு எல்லாவற்றையும் இருபத்தைந்து வயதில் முதலில் இருந்து படிக்க வேண்டி வந்தது. தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை என்றால் அது பிள்ளையின் குற்றமில்லை. எங்கள் பாடசாலையில் இரண்டு வருடம் கணித வகுப்பே நடக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனாலும் இன்று போனில் இலவசமாகக் கணிதப் பாட வீடியோக்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. டேட்டா கார்ட் போட்ட அன்றைக்கு முதலில் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கெம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி, மாவட்டக் கோட்டா பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். பல பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடு தழுவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆனால் எல்லாப் பாடநெறிக்கும் இதே கணக்கு இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கையேட்டை நீங்களே வாசியுங்கள், டியூஷன் சேர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். கெம்பஸ் கிடைத்ததும் மகாபொல புலமைப்பரிசில் உதவிக்கு விண்ணப்பியுங்கள்.

எனக்கு இங்கிலீஷ் வராது. முடியுமா?

முடியும். ஆனால் இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதனால் கெம்பஸ் முதல் வருடத்தில் இருந்தே வாரத்துக்கு ஒரு கட்டுரையின் முன்னுரையை மட்டும் வாசியுங்கள். முழுதும் வேண்டாம். கேள்வி என்ன, எந்தத் தரவு, என்ன விடை என்று மூன்று வரியைத் தமிழில் எழுதி வையுங்கள். நான் அப்படித்தான் தேறினேன்.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். சிங்களம் படியுங்கள். திணைக்களத்தில் தரவு கேட்பதற்கும், தோட்ட ஆபிஸில் பேசுவதற்கும், சிங்களக் கிராமத்துச் சிறு தேயிலை விவசாயியின் வாசலில் உட்கார்ந்து கதை கேட்பதற்கும் அது வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் களத்தில் பேசக்கூடிய பொருளியல் ஆய்வாளர்கள் நாட்டில் அதிகம் இல்லை. மலையகப் பிள்ளைகளில் பலருக்கு டவுனில் பழகியே அரைவாசிச் சிங்களம் வந்திருக்கும். மீதியையும் படித்துவிடுங்கள்.

பட்டம் முடிந்ததும் நேரே பிஎச்டிக்குப் போகலாமா?

போகிறவர்கள் உண்டு. நான் அதைச் சொல்ல மாட்டேன். முதலில் ஒன்றிரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக வேலை பாருங்கள். கொழும்பில் கொள்கை ஆய்வுகள் நிறுவகம் இருக்கிறது. தொலைத்தொடர்பு, டிஜிட்டல் கொள்கை என்றால் 2004இல் தொடங்கிய லேர்ன்ஏசியா இருக்கிறது. கெம்பஸிலேயே விரிவுரையாளர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கும் ஆள் எடுப்பார்கள். வினாக்கொத்து போடுவது, தரவைச் சுத்தம் செய்வது, ஸ்டேட்டா அல்லது ஆர் மென்பொருளில் வேலை செய்வது எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும். நாள் முழுக்க ஒரு எக்செல் கோப்பில் பிழை தேடுவது பிடிக்காவிட்டால் பிஎச்டி மிகவும் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் முதுமாணி. ஐரோப்பாவில் எரஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட், பிரிட்டனின் கொமன்வெல்த், செவனிங் என்று புலமைப்பரிசில்கள் உண்டு. செவனிங்குக்கு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டு வருடத்துக்கு நாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

பிஎச்டி விடயத்தில் நாட்டுக்கு நாடு முறை வேறு. அமெரிக்காவில் ஐந்து ஆறு வருடம் ஆகும், முதல் இரண்டு வருடம் கடும் பாடங்கள், முதுமாணி இல்லாமலும் எடுப்பார்கள், விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். நெதர்லாந்து, ஜெர்மனி, ஸ்கண்டிநேவிய நாடுகளில் பிஎச்டி என்பது பல இடங்களில் சம்பளத்தோடு கூடிய ஒரு வேலை, ஆனால் முதுமாணி வேண்டும். நம் துறைக்கென்றே பெயர்பெற்ற இடங்களும் உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஃப்ரீமன் 1966இல் தொடங்கிய ஆய்வு மையம் ஒன்று, மாஸ்ட்ரிக்ட்டில் உள்ள ஐ.நா. பல்கலைக்கழகத்தின் மெரிட் நிறுவனம் இன்னொன்று.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். சொந்தக் காசில், அதுவும் கடன் வாங்கி, பிஎச்டிக்குப் போகாதீர்கள். முழு உதவித்தொகை இல்லாத இடம் கிடைத்தால் மறுத்துவிட்டு அடுத்த வருடம் முயலுங்கள். அம்மாவின் சேமலாப நிதியை எடுத்து ஏஜென்சிக்குக் கட்டிவிட்டு நின்ற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். ஆய்வுப் பட்டத்துக்கு ஏஜென்சியே தேவையில்லை. விண்ணப்பக் கட்டணம் கஷ்டம் என்றால் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள், பல இடங்களில் விலக்கு தருவார்கள்.

எனக்கு முதல் வருடம் எல்லா இடத்திலும் மறுப்புத்தான் வந்தது. இரண்டாம் வருடம் ஓரிடம் கிடைத்தது.

நீங்கள் என்னதான் ஆய்வு செய்கிறீர்கள்?

கொழுந்து நிறுக்கும் தராசு.

உங்களில் பலருக்கு இது தெரியும். மலையில் இருந்து கூடையைக் கொண்டுவந்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தொங்கும் தராசில் போடுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி எழுதுவார். ஈரக் கொழுந்துக்கும் படங்குக்கும் கழிவு போடுவார்கள். குறித்த கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி; இல்லாவிட்டால் அரைப் பேர். பல தோட்டங்களுக்கு இப்போது மின்தராசு வந்துவிட்டது. அட்டையைக் காட்டினால் எடை நேரே கணினிக்குப் போகிறது. இதனால் கொழுந்து எடுப்பவரின் பதிவான எடை கூடியதா, குறைந்ததா?

சுலபம்போலத் தெரியும். மின்தராசு உள்ள தோட்டத்தையும் இல்லாத தோட்டத்தையும் ஒப்பிட்டால் போதாதா? போதாது. புதுத் தராசை முதலில் வாங்கும் தோட்டம் ஏற்கெனவே நன்றாக நடக்கும் தோட்டமாக இருக்கலாம். அங்கே எடை கூடுதலாக இருப்பது தராசினாலா, நல்ல மலையினாலா? சரி, ஒரே தோட்டத்தில் தராசு வருவதற்கு முன்னும் பின்னும் பார்ப்போம் என்றால், நடுவில் மழை வந்துவிடும், கொழுந்து துளிர்க்கும் பருவம் வந்துவிடும். ஆகவே ஒரே தோட்டத்துக்குள் மேல் டிவிசனுக்குத் (பிரிவுக்குத்) தராசு வந்து கீழ் டிவிசனுக்கு இன்னும் வராத மாதங்களைத் தேட வேண்டும். இரண்டு டிவிசனுக்கும் மழை ஒன்று, துரை ஒருவர். மேல் டிவிசனில் நடந்த மாற்றத்தில் இருந்து கீழ் டிவிசனில் நடந்த மாற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது தராசின் வேலை என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். எக்கனோமெட்ரிக்ஸ் வகுப்பில் இரண்டு வருடம் படிப்பதன் சாரம் இதுதான்.

வகுப்பில் கிடைக்காத ஒன்றை அம்மா சொல்லித் தந்தார். ‘பழைய தராசில் ஐயா குறைச்சும் எழுதுவார், கூட்டியும் எழுதுவார். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒரு கிலோவால் பேர் தவறுகிறாள் என்றால் கண்டும் காணாமல் போட்டுவிடுவார். மெஷினுக்கு அது தெரியாது’ என்றார். அதைக் கேட்ட பிறகு என் ஆய்வுக் கேள்வியே மாறியது. சராசரி எடையை மட்டும் பார்க்காமல், பேருக்கான அந்தக் கிலோவுக்குச் சற்றுக் கீழே எத்தனை பேர் விழுகிறார்கள், அவர்கள் யார் என்று பார்க்கத் தொடங்கினேன். லயத்தில் வளராத ஆய்வாளருக்கு இந்தக் கேள்வி தோன்ற நெடுநாள் எடுக்கும்.

தரவை எங்கே எடுப்பது?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து வெளியிடுகிறது. வீட்டு வருமானச் செலவின ஆய்வும் கணினி அறிவு ஆய்வும் நமக்கு மிகவும் உதவும். ஆனால் வரைவிலக்கணத்தை வாசிக்காமல் எண்ணைத் தொடாதீர்கள். 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், அங்கேயே தங்கியிருக்கும் 10 தொழிலாளர்களாவதும் இருந்தால்தான் ‘தோட்டம்’. லயத்தில் பிறந்து இன்று கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி அதில் வரமாட்டான். அவன் அனுப்பும் காசும் அவன் வாங்கிக் கொடுத்த போனும் மட்டும் வரும். அதேபோல் கணினியைத் தானாக இயக்கத் தெரிந்த 5 முதல் 69 வயது வரையானவர் எல்லோரும் கணினி அறிவுள்ளவர். கேம் விளையாடத் தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் சேரும். அந்த எண் கூடியது என்பதால் ஒன்லைனில் ஒரு படிவம் நிரப்பத் தெரிந்தவர் கூடிவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். 2020இல் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடிப் பாறைக்கும் மலையுச்சிக்கும் ஏறிய பிள்ளைகளை நாம் கண்ணால் பார்த்தவர்கள்.

நீங்களே களத்துக்குப் போனால் ஒரு கவனம் வேண்டும். தோட்ட ஆபிஸின் அனுமதியோடு போகும்போது கங்காணியோ வேறொருவரோ பக்கத்தில் வந்து நிற்பார். அப்போது கிடைக்கும் பதில்கள் வேறு, சாயங்காலம் லயத்து வாசலில் கிடைக்கும் பதில்கள் வேறு. என் முதல் நாற்பது வினாக்கொத்துகளையும் நான் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பேசுகிறவரின் பெயர், வீட்டு இலக்கம், பேர் எண் எதையும் தரவுக் கோப்பில் வைக்காதீர்கள். ஒருவருடைய வேலை அதனால் போகக்கூடும்.

இலங்கையில் இருந்தபடியே உலகத் தரத்தில் ஆய்வு செய்ய முடியுமா?

முடிந்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் டி மெல்லும், வெளிநாட்டு ஆய்வாளர்களான டேவிட் மெக்கன்சியும் கிறிஸ்டபர் வூட்ரஃபும் தெற்கு, தென்மேற்குக் கரையோரச் சிறு தொழில் செய்வோருக்கு, சீட்டுப் போட்டுத் தேர்ந்து, 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான பணமோ பொருளோ கொடுத்து, லாபம் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வு உலகெங்கும் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. மூலதனத்துக்குக் கிடைத்த வருமானம் வங்கி வட்டியைவிட மிக அதிகம். ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் அந்தப் பலன் தெரியவில்லை, ஏன் என்று தேடிப் பின்னால் பல ஆய்வுகள் வந்தன. இதே மூவரும் இலங்கையின் 2,800க்கு மேற்பட்ட நிறுவனங்களை வைத்துப் புத்தாக்கம் பற்றியும் 2009இல் எழுதினார்கள். நுண் தொழில்களிலும் நான்கில் ஒன்றுக்கு மேல் ஏதோவொரு புதுமையைச் செய்கிறது, பெரும்பாலும் விற்கும் விதத்தில் என்று அதில் கண்டார்கள். ஹட்டன் பஸார் கடைகளை மனதில் வைத்துக்கொண்டு அதை வாசித்துப் பாருங்கள்.

ஒரு கட்டுரை வெளிவர எவ்வளவு காலம்?

எழுத ஒரு வருடம், அப்புறம் இரண்டு மூன்று வருடம். அனுப்புவீர்கள், பல மாதம் கழித்து மறுப்பு வரும், திருத்தி வேறிடத்துக்கு அனுப்புவீர்கள். நடுவர் கருத்துகளை முதல் நாள் வாசித்துவிட்டு மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் அவற்றில் பாதி நியாயமாகத் தெரியும்.

வயசு போகிறதே, பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?

இதைக் கேட்ட அம்மாமாரிடம் நான் நேராகவே பேசியிருக்கிறேன். தேயிலையில் கொழுந்தெடுக்கும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. எடை எழுதும் கை பெரும்பாலும் ஆணின் கை. அந்த எடையைப் பற்றி ஆய்வு எழுதும் கையாவது நம் பெண்ணின் கையாக இருக்கட்டும். கல்யாணம் செய்துகொண்டும் பிஎச்டி படிக்கிறார்கள், பிள்ளை பெற்றும் முடிக்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் அப்படி.

முடித்த பிறகு வேலை உறுதியா?

உறுதியில்லை. முதல் சில வருடங்கள் இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தம்தான். ஒப்பந்தம் முடியும் கடைசி வருடத்தில் நிம்மதியாகத் தூங்க முடியாது, எனக்கு இப்போது அந்த வருடம்தான். நாட்டுக்குள் பல்கலைக்கழகங்கள், மத்திய வங்கி, ஆய்வு நிறுவனங்கள், சர்வதேச அமைப்புகளின் திட்டங்கள் என்று வழிகள் உண்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இருக்கிறது. நான் திரும்பி வருவேனா என்று கேட்கிறார்கள். வர விரும்புகிறேன். மலையகத்திலேயே இருந்து படிப்பிக்க ஓர் இடம் கிடைத்தால் சம்பளக் குறைவைப் பார்க்க மாட்டேன்.

இப்போது ஏ.எல். முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். எதில் தொடங்குவது?

ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் தோட்டத்துக்குக் கடைசியாக வந்த புதுப் பொருள் ஒன்றை எடுங்கள். கொழுந்து வெட்டும் மெஷினாக இருக்கலாம், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) நிறம் பார்த்துத் தேயிலை பிரிக்கும் மெஷினாக இருக்கலாம், கடையில் போன் வழியாகக் காசு கட்டும் வசதியாக இருக்கலாம். எந்த வருடம் வந்தது, யார் கொண்டுவந்தது, அதற்கு முன் அந்த வேலையை யார் செய்தார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பத்துப் பேரிடம் கேட்டு எழுதுங்கள். பத்தில் மூன்று பேர் வேறு வருடம் சொல்வார்கள். யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். டிசம்பர் விடுமுறையில் நான் ஊருக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து வாசிப்போம்.